ரோமாபுரிப் பிரசாதம்

என் சம்சாரம் செண்பகத்துக்கு இத்தாலி முழுக்க அத்துப்படி. எந்த ஊரில் தெருவுக்குப் பதில் வாய்க்கால் ஓடுகிறது, எந்த ஊரில் கோபுரம் சாய்ந்து நிற்கிறது, எந்த ஊரில் மலை வெடித்து ஜனங்கள் இருந்த இடத்திலேயே சாம்பலில் புதைந்து போனார்கள், எல்லாம் சொல்வாள். தெற்கே கன்னியாகுமரி, வடக்கே மதுரை, அதற்கு மேல் அவள் போனதில்லை. இத்தாலிக்குப் போய்விட்டு வந்தவன் நான். எனக்கு ஒன்றும் தெரியாது. சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் என் பெயிண்ட் கடை. பால்துரை என்றால் தெரியாது, பெயிண்ட்கடை அண்ணாச்சி என்றால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்று காலை பத்து மணிக்கு டிவியில் ஊர் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று வரும். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி முதுகில் பையோடு நடப்பாள், சென்னைக் குரல் ஒன்று அவளுக்குப் பதிலாகத் தமிழ் பேசும். அந்த வருஷம் மாசக்கணக்கில் இத்தாலியையே காட்டினார்கள். செண்பகம் அரிவாள்மனையை டிவிக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

“இங்கன வந்து பாருங்களேன், மாவ இழுத்துக் கயித்துல காயப் போட்டிருக்காவ” என்பாள். நான் எட்டிப் பார்த்து, “நூடுல்ஸ்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருநாள்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை.

துறைமுகத்தைச் சுற்றிப் புதுப் புது குடோன்களாக எழும்பிய வருஷம் அது. பெயிண்ட் கம்பெனி வைத்த டார்கெட்டைத் தாண்டிவிட்டேன். பரிசு, எட்டு நாள் இத்தாலி டூர், டீலருக்கு மட்டும். கூடுதலாகக் கட்டினால் வீட்டம்மாவையும் கூட்டிப் போகலாம் என்று கம்பெனி ஆள் சொன்னார். கடையை யார் பார்ப்பது என்றேன். செண்பகமும் அதையேதான் சொன்னாள். நான் சொன்ன பிறகு சொன்னாள்.

அவள் முகம் சுளிக்கவில்லை. நான் பார்க்க வேண்டியதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தது. எட்டு நாளுக்கும் காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று பதினாறு குட்டிக் கவர் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் கிழமை எழுதிப் பெட்டியில் வைத்தாள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “ஏங்க, ஓடி வாங்க” என்று அலறினாள். பாலைத்தான் பூனை குடித்துவிட்டதோ என்று ஓடினேன். டிவியில் பெரிய கோவில். மேற்கூரையிலிருந்து வெள்ளை வெள்ளையாக என்னவோ உதிர்ந்துகொண்டிருந்தது. முன்னொரு காலத்தில் ரோமில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஒரு குன்றின்மேல் பனி பெய்ததாம். அந்த இடத்தில் மாதாவுக்குக் கோவில் கட்டினார்களாம். அதை நினைத்து வருஷா வருஷம் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுகிறார்கள் என்று சென்னைக் குரல் சொன்னது.

அதே ஆகஸ்ட் ஐந்தாம் தேதிதான் எங்கள் ஊரில் பனிமய மாதா கோவில் திருவிழா. எங்களுக்குக் குலசாமி பத்திரகாளி. ஆனால் மாதா கோவில் திருவிழாவில் நீ எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று தூத்துக்குடியில் யார் கேட்டார்கள்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செண்பகம் ஒரு வருஷம்கூட சப்பரப் பவனியைத் தவறவிட்டதில்லை. பக்கத்து வீட்டு அல்போன்சாவோடு போய் நின்று கும்பிட்டுவிட்டு, பொரிகடலையும் வளையலுமாக வருவாள்.

“நம்ம மாதாவேதான். ஒரே நாளு, ஒரே பேரு” என்றாள். கையில் கத்தரிக்காய் அப்படியே இருந்தது. “அஞ்சாந்தேதி நீங்க ரோம்லதான இருப்பிய?”

டூர் தாளைப் பார்த்தேன். ரோமில்தான். அன்று சாயங்காலம் ஓய்வு என்று போட்டிருந்தது.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தப் பூவுல ஒரே ஒரு இதழு கொண்டாந்துருங்க.”

“பூ கொண்டு வந்தா ஏர்போர்ட்ல பிடிச்சு உள்ள போட்டுருவான்ளா” என்று சீண்டினேன்.

“திருச்செந்தூருக்குப் போனவன் இலை விபூதி இல்லாம வருவானா? கோவிலுக்குப் போயிட்டு வெறுங்கையோட வரக்கூடாது. போகாதவங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வரணும்.”

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. ஏதாவது வேண்டுதலா என்று கேட்டேன். “வேண்டுதல்தான். நடந்த பொறவு சொல்லுதேன்” என்றாள். எங்கள் வீட்டில் வேண்டுதலை முன்கூட்டி வெளியே சொல்ல மாட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தினமும் நினைக்கிறேன்.

இத்தாலியில் இறங்கியதிலிருந்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊர் முழுக்க ஒரு சுவருக்காவது ஒழுங்காக பெயிண்ட் அடித்திருக்க வேண்டுமே! எல்லாம் மங்கின காவி, வெளுத்த மஞ்சள், பொரிந்து பொரிந்து உதிர்கிற பூச்சு. அதைப் போய் கூட வந்த நாற்பத்திரண்டு டீலர்களும் வாய் பிளந்து போட்டோ எடுத்தார்கள். மீதி நேரம் பஸ்ஸில் தூங்கினோம். வாய்க்கால் ஊரைப் பார்த்தேன், நாற்றமடித்தது. சாய்ந்த கோபுரத்துக்குக் கை கொடுத்துத் தாங்குகிற மாதிரி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். செண்பகம் எழுதிக் கொடுத்த காலண்டர் தாள் பெட்டியின் அடியிலேயே கிடந்தது.

என்னோடு அறையில் இருந்தவன் தளவாய். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல் வயல்காரக் குடும்பம், அங்கே பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிறான். ஆறு நாளாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று அவன் நாக்கு செத்துப் போயிருந்தது. என் நாக்கும்தான்.

ஐந்தாம் தேதி பகல் முழுக்க ரோமில் இடிந்த கட்டடங்களைக் காட்டினார்கள். ஆகஸ்ட் வெயில் எங்கள் ஊர் உப்பளத்து வெயிலைத் தோற்கடித்தது. ஓட்டலுக்குத் திரும்பியபோது மூன்று மணி. மாதா கோவில் எங்கே என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். தாளில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். நடந்தால் பத்தே நிமிஷம். ஐந்து மணிக்கு மேல் பூசையில் பூக் கொட்டும், முன்னாலேயே போய் நின்றுகொள்ளுங்கள் என்றாள்.

அந்த நேரம் பார்த்து, எங்கோ இருக்கிற இந்திய ஓட்டலிலிருந்து பெரிய பெரிய பாத்திரங்களில் சோறு வந்து இறங்கியது. புளிக்குழம்பு, ரசம், அப்பளம். ரச வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்தது. தளவாய் கண்கலங்கிப் போனான். “அண்ணாச்சி, சாப்பிட்டுட்டுப் போவோம், கோவில் எங்க ஓடியா போவுது?” என்றான். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தேன். அறைக்கு வந்து, ஏசியைப் போட்டு, கைலி மாற்றி, கால்மணி நேரம் சாய்ந்துவிட்டுப் போகலாம் என்று படுத்தேன்.

போன் சத்தத்தில்தான் விழித்தேன். செண்பகம்.

“ஏங்க, பாத்துட்டேன்! உங்களப் பாத்துட்டேன்!” என்று அழுதாள். அவளுக்குப் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. சப்பரப் பவனிக்குப் போடுகிற வெடி. “தெருவே மாதாவப் பாக்கப் போயிருக்கு. நான் போகல. ரோம் கோவில யூடியூப்ல நேரடியாக் காட்டுதாவ. நீங்க வருவியன்னு டிவிக்கு முன்னாலயே கெடந்தேன். தூணுப் பக்கத்துல வெள்ளச் சட்டையோட ரெண்டு கையையும் தூக்கிப் பூப் பிடிச்சியல்லா? மடமடன்னு கொட்டுச்சே! கெடச்சிச்சா?”

எதிர்க் கட்டிலில் தளவாய் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மணி ஐந்தேமுக்கால்.

“ம்” என்றேன்.

அந்த ஒரு எழுத்துதான் நான் சொன்ன பொய். அதற்கு மேல் அவளே சொல்லிக்கொண்டாள்.

அப்போதாவது சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கலாம். பத்து நிமிஷ நடை. தரையில் கிடந்ததில் ஒன்றைப் பொறுக்கியிருக்கலாம். கால் வலித்தது, வயிறு கனத்தது, அவள்தான் கண்ணால் பார்த்துவிட்டாளே, இனி எந்தப் பூவாக இருந்தால் என்ன என்று தோன்றியது. சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. கீழே இறங்கிப் போய், ஓட்டல் வரவேற்பு மேசையில் கண்ணாடிக் குவளையில் வைத்திருந்த வெள்ளை ரோஜாவில் ஓர் இதழைப் பிய்த்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் சாக்லேட்டைப் பார்க்கவில்லை. கையைக் கழுவி, முந்தானையை விரித்து, விபூதி வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் அந்த இதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளிக் குங்குமச் சிமிழைத் துடைத்து அதில் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சிமிழைத் திறந்து, அதை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பாட்டுத் தட்டோடு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு இறங்காது. நாலு வெள்ளிக்கிழமை போனபின் இறங்கியது.

மாசி மாதம் எங்கள் மகள் அனுசியா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். அம்மா இடது கையைத் தூக்க முடியாமல் கொடியில் துணி போடுவதைப் பார்த்திருக்கிறாள். அறைக்குள் கூட்டிப் போய் ரவிக்கையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தவள், வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, “யப்பா” என்றாள்.

மார்பில் கட்டி. நான் இத்தாலிக்குப் போவதற்கும் முன்னாலேயே, வைகாசியில் பட்டாணி அளவுக்குத் தட்டுப்பட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பூ வந்தால் கரைந்துபோகும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

“வலியே இல்லையே. பூதான் அடக்கி வச்சிருக்கு. ஆம்பள டாக்டர்ட்ட நெஞ்சக் காட்டச் சொல்லுதியளா? நடக்கப்பட்ட காரியத்தச் சொல்லுங்க” என்றாள். அனுசியா கெஞ்சினாள், திட்டினாள். மசியவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இனி நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

மகளை வைத்துக்கொண்டே சொன்னேன். “செண்பகம், நான் அந்தக் கோவிலுக்குப் போகவேயில்லளா. சோத்தத் தின்னுட்டுத் தூங்கிட்டேன். அது ஓட்டல் மேசையில இருந்த ரோசாப்பூ.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். முப்பத்துநாலு வருஷத்தில் அவ்வளவு அன்பாக என்னைப் பார்த்து அவள் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

“என்னைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போணும். அதுக்காவ சாமி பூவையே பொய்ங்கிய.”

“சத்தியமா, செண்பகம்.”

“சத்தியம் பண்ணாதிய, குத்தமாயிரும். நான்தான் கண்ணால பாத்தேனே.”

ரிமோட்டை எடுத்தாள். அந்த நாள் பூசை யூடியூபில் அப்படியே இருந்தது. எந்த இடத்தில் என்று தேடக்கூட இல்லை, விரல் தானாகப் போய் நின்றது. எத்தனை தடவை பார்த்திருப்பாளோ. தங்க முலாம் பூசிய கூரை, கூட்டம், தூண். மேலிருந்து பூ உதிர்கிறது. தூணுக்குப் பக்கத்தில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வழுக்கை, வெள்ளைச் சட்டை. இரண்டு கையையும் தூக்கிச் சின்னப்பிள்ளை மாதிரி பூவைப் பிடிக்கிறான். என்னைவிட ஒரு சாண் உயரம். எந்த நாட்டுக்காரனோ, யாருக்காகப் பிடித்தானோ.

“அது நான் இல்லளா.”

“முப்பத்துநாலு வருசமாப் பாக்குத முதுகு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

தளவாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “மதினி, அண்ணாச்சி சொல்லுதது நெசந்தான். நாங்க ரெண்டு பேரும் குறட்ட விட்டுக்கிட்டுக் கெடந்தோம்” என்றான் பாவம். “தம்பி, உங்களுக்கும் சொல்லிக் கொடுத்துட்டாவளா?” என்று கேட்டு, அவன் வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு வைத்தாள்.

பொய் சொல்ல எனக்கு ஒரு எழுத்து போதுமாக இருந்தது. உண்மையைச் சாட்சியோடு சொன்னேன், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், கடைசியில் மகள் முன்னால் அழுதுகொண்டே சொன்னேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இன்னும் மூன்று வாரம் அப்படியே போனது. அனுசியா தரையில் படுத்துச் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான், “பிள்ள மொகத்துக்காவ வாரேன்” என்று கிளம்பினாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. பார்த்தது பெண் டாக்டர்தான். முதன்முதலில் எப்போது தட்டுப்பட்டது என்று கேட்டார். வைகாசி என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். “அப்பவே, இல்ல ஆடியிலயாவது வந்திருந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆடியில் நான் பாஸ்போர்ட்டைத் திறந்து இதழை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முடி கொட்டியது, சாப்பாடு நின்றது, கை மெலிந்து வளையல் தானாகக் கழன்று விழுந்தது. சிமிழை மட்டும் தலைமாட்டில் வைத்திருந்தாள். பலிக்கவில்லையே என்று ஒருநாளும் மாதாவைக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால், “அந்தப் பூ விழுந்தத ஒருக்கச் சொல்லுங்க” என்பாள்.

சொன்னேன். உண்மையைச் சொல்லித் தோற்றவன் வேறென்ன செய்வேன்? அவள் தூங்குகிற நேரமெல்லாம் போனில் அந்தப் பூசையைப் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். இப்போது நன்றாகவே சொல்வேன். முதலில் பாட்டு ஏறும், கூட்டம் அண்ணாந்து பார்க்கும், கூரையிலிருந்து ஒன்று ரெண்டாக ஆரம்பிக்கும், அப்புறம் பார்த்தால் கண்ணே தெரியாது, அத்தனை வெள்ளை.

“கையில விழுந்தப்ப குளுந்துச்சா?”

“குளுந்துச்சு.”

“பனில்லா” என்பாள் நிம்மதியாக. ஒரு நாள் சொன்னாள், “நான் போவும்போது அந்தப் பூவ என்கூட வச்சு அனுப்பிருங்க.”

ஆடி பிறந்து பத்தாம் நாள் போனாள். மாதா கோவிலில் கொடியேறியிருந்தது.

வாய்க்கரிசி போடும்போது சிமிழைத் திறந்தேன். பழுப்பேறிச் சுருங்கிய பாதி இதழ்தான் இருந்தது. மீதி பொடிந்து போயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு பொய்யை அவள் வாயில் வைத்து அனுப்ப மனசு வரவில்லை. ஆனால் அவள் கேட்டிருந்தாளே. அரிசியோடு சேர்த்து வைத்தேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஐந்தாம் தேதி அல்போன்சா வந்து கூப்பிட்டாள். போகவில்லை. டிவியையும் போடவில்லை. வெடிச் சத்தம் மட்டும் கேட்டது.

போன வாரம் எனக்கு நெஞ்சு செக்கப். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், “அண்ணாச்சி, ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்ல போலிருக்கே, ரொம்ப நல்லா இருக்கு. பயமே வேண்டாம்” என்றார். நான் எங்கே தின்றேன்? படுக்கையில் கிடந்தபோதுகூட மணி பார்த்து, கவரைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்து, நான் முழுங்குகிறவரை கண்ணை எடுக்காமல் பார்த்தவள் அவள்.

ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தபோது அனுசியா தலையணை உறைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். “யப்பா, உங்க தலவாணியில என்னமோ வச்சுத் தச்சிருக்கு” என்றாள். வெள்ளைத் துணியில் கறுப்பு நூல், கோணல் கோணலாக. செண்பகத்தின் தையல். ஓரத்தைப் பிரித்தாள். மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு. அதற்குள் அந்த இதழின் மற்றப் பாதி இருந்தது. நகத்தால் நேராகக் கிழித்த பாதி.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எப்போது தைத்தாளோ தெரியாது. எத்தனை மாதம் அதன் மேல் தலை வைத்துத் தூங்கினேனோ, அதுவும் தெரியாது. எனக்குப் பூவும் கொடுத்தாள், மாத்திரையும் கொடுத்தாள். தனக்குப் பூ மட்டும் வைத்துக்கொண்டாள்.

“எடுத்துரவாப்பா?” என்று அனுசியா கேட்டாள். அது எந்தப் பூ என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“வேண்டாம்மா” என்றேன். “இருந்த எடத்துலயே வச்சுத் தச்சுரு.”